கழற்றும் நாளை மனதில் வைத்து ரேக்கில் சர்வர் மாட்டுவது

ஒரு சர்வரில் மெமரி ஸ்டிக் ஒன்று பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும். இரவு நேர வேலை. அதில் ஓடிக்கொண்டிருந்தவற்றை எல்லாம் வேறு சர்வருக்கு நகர்த்தி, முறையாக அணைத்துவிட்டு, முன்னால் நின்று இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்து மெல்ல இழுத்தேன். பாதி தூரம் வந்ததும் பின்னால் ஏதோ பிடித்தது. கேபிள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் போல என்று நினைத்து இன்னும் சற்று இழுத்தேன், பிடி விட்டுவிட்டது, சர்வர் முழுதாக வெளியே வந்தது. அடுத்த நிமிடமே அலர்ட் வர ஆரம்பித்தது. ஆனால் நான் அணைத்த சர்வரிலிருந்து இல்லை, அதற்குக் கீழே இருந்த ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து. பின்பக்கம் போய்ப் பார்த்தால், இரண்டின் கேபிள்களும் ஒரே கட்டாகப் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கப்பட்டிருக்கின்றன, நான் முன்னால் இழுத்த இழுப்பில் ஸ்டோரேஜின் கேபிள் பாதி கழன்று தொங்குகிறது.

அந்தக் கட்டைப் போட்டது நான்தான், ஒன்றரை வருடம் முன்பு. போட்ட அன்று பார்ப்பதற்கு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. அன்று இரவுக்கு அப்புறம் ரேக்கில், அதாவது சர்வர்களை அடுக்கி மாட்டும் சட்டத்தில், எதை மாட்டினாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இதை ஒரு நாள் யாரோ ஒருவர், பக்கத்தில் இருப்பவை ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெளியே எடுக்க வேண்டும், அவரால் முடியுமா? கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

முதலில் அளவு. ரேக் என்றால் 19 அங்குலம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது முன்பலகையின் அகலம் மட்டும்தான், ஆழம் ரேக்குக்கு ரேக் மாறும். சர்வர் வருவதற்கு முன்பே டேப் எடுத்துக்கொண்டு போய் முன் போஸ்ட்டிலிருந்து (ஓட்டைகள் உள்ள செங்குத்துக் கம்பம்) பின் போஸ்ட் வரை எவ்வளவு, பின் போஸ்ட்டிலிருந்து பின்கதவு வரை எவ்வளவு என்று இரண்டையும் அளந்துவிடுங்கள். முதல் அளவு, சர்வரைத் தாங்கி நகரவிடும், சர்வரோடு வரும் ரெயிலின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும். இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சர்வர் உள்ளே போய்விடும், ஆனால் பவர் கார்டின் தலை, ஃபைபரின் (ஒளி இழைக் கேபிள்) வளைவு, செங்குத்தாக நிற்கும் பிடியு (ரேக்குக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் சாக்கெட் பட்டை) எல்லாம் சேர்ந்தால் கதவு மூடாது, அல்லது மூடும்போது கேபிளை நசுக்கும்.

அப்புறம் ஓட்டைக் கணக்கு. ரேக்கின் உயரத்தை யூ என்ற அலகில் எண்ணுவோம், ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர் உயரம், அதற்குள் மூன்று ஓட்டைகள். இந்த ஓட்டைகள் சம இடைவெளியில் இருக்காது. ஒரே யூவுக்குள் இருக்கும் மூன்றுக்கும் நடுவே மையத்திலிருந்து மையத்துக்கு 15.9 மில்லிமீட்டர், ஒரு யூவின் கடைசி ஓட்டைக்கும் அடுத்த யூவின் முதல் ஓட்டைக்கும் நடுவே 12.7 மட்டும். நெருக்கமாக இருக்கும் அந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில்தான் யூவின் எல்லைக்கோடு. இது மனதில் பதிந்துவிட்டால் எண் அச்சிடாத ரேக்கில்கூட ஆரம்பம் எது, முடிவு எது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு ரெயிலை முன்னால் சரியாக மாட்டிவிட்டுப் பின்னால் ஒரு ஓட்டை தள்ளி மாட்டிவிட்டேன். சர்வர் ஏறியது, ஆனால் முக்கால்வாசி போனதும் சிக்கிக்கொண்டு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. உடன் இருந்த மூத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, யூவை எண்ணினியா, ஓட்டையை எண்ணினியா?" என்று மட்டும் கேட்டார். இப்போது ரெயிலை எடுப்பதற்கு முன்பே நான்கு போஸ்ட்டிலும் அந்த யூவின் கீழ் எல்லையில் சின்னதாகக் காகித டேப் ஒட்டிவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை.

எதை எங்கே வைப்பது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. கனமானது கீழே. ஸ்டோரேஜ், யுபிஎஸ் எல்லாம் அடியில், சர்வர்கள் அதற்கு மேல், ஸ்விட்ச் (சர்வர்களின் நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) மேலே அல்லது நடுவில். டிஸ்க் நிரம்பிய 2 யூ சர்வர் 25, 30 கிலோ சாதாரணமாக வரும், அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கி இரண்டு பக்க ரெயிலிலும் ஒரே நேரத்தில் பொருத்துவது தனி ஆள் வேலை இல்லை. ஆள் குறைவு என்றால் தூக்கும் முன் டிஸ்க்குகளையும் பவர் சப்ளைகளையும் கழற்றிவிடுங்கள், எடை நன்றாகவே குறையும். டிஸ்க்கைக் கழற்றினால் எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று எண் எழுதி ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். ரேக்கின் அடியில் சாயாமல் இருக்க முன்னால் நீட்டிக்கொள்ளும் கால் இருக்கும், அது மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் இழுக்காதீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களை இழுக்கவே இழுக்காதீர்கள். ரேக் முன்பக்கம் சாய ஆரம்பித்துவிட்டால் மனிதக் கையால் அதை நிறுத்த முடியாது.

சதுர ஓட்டை ரேக்கில் இப்போது வரும் சர்வர் ரெயில்கள் பெரும்பாலும் ஸ்க்ரூ இல்லாமலே கொக்கி போல மாட்டிக்கொள்ளும். ஸ்விட்ச்சுக்கும் பேட்ச் பேனலுக்கும் (கேபிள்கள் வந்து முடியும் போர்ட் பலகை)தான் கேஜ் நட், அதாவது சதுர ஓட்டைக்குள் பொருந்தும் கூண்டு வைத்த நட், தேவைப்படும். கேஜ் நட்டின் இரண்டு காதுகளும் இடதுவலதாக இருக்கும்படி போடுங்கள், மேல்கீழாகப் போட்டால் பக்கத்து யூவில் மாட்டும் பொருளோடு இடிக்க வாய்ப்பு உண்டு. அதைப் போடுவதற்கென்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் போடும்போது அது நழுவி விரலைக் கிழித்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது. சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருக்கிறது, ஒன்று ஏ பக்கப் பிடியுவுக்கு, இன்னொன்று பி பக்கப் பிடியுவுக்கு. இதுவரை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு பிடியுக்களும் எங்கிருந்து வருகின்றன என்று கடைசி வரை கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸின் இரண்டு சாக்கெட்டிலிருந்து வந்தன. யுபிஎஸ் பேட்டரியில் கோளாறு வந்த அன்று இரண்டு பவர் சப்ளை இருந்தும் எல்லாம் ஒன்றாகவே அணைந்தன.

இரண்டாவது, கணக்கு. சாதாரண நிலையில் சுமை இரண்டு பக்கமும் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரியும். 16 ஆம்பியர் பிடியு இரண்டு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் 10 ஆம்பியர் காட்டுகிறது என்றால் இன்னும் இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஏ போன அந்த நொடி மொத்தம் 20 ஆம்பியரும் பி மேல் விழும், அதுவும் ட்ரிப் ஆகும், இரண்டு வழி வைத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். அதனால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும், கூட்டுத்தொகை ஒரே பிடியுவின் அளவில் 80 சதவீதத்துக்குள், அதாவது இந்த உதாரணத்தில் 12.8 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பவர் சப்ளையின் மேல் 800 வாட் என்று எழுதியிருப்பது அது தரக்கூடிய உச்சம், சர்வர் எப்போதும் அவ்வளவு எடுப்பதில்லை. ஆனால் சும்மா நிற்கும்போது பார்த்த அளவை வைத்தும் கணக்குப் போடாதீர்கள், வேலை கொடுத்து ஓடவிட்டு அப்போது பிடியுவின் திரையில் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பவர் கார்டுகளில் ஏ பக்கத்துக்கு ஒரு நிறம், பி பக்கத்துக்கு வேறு நிறம் என்று வாங்கிவிட்டால் பாதித் தவறுகள் நடக்காமலே போகும், பின்னால் நின்று ஒரு பார்வையிலேயே ஒரே நிறம் இரண்டு போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். சின்ன சர்வர்களுக்கு சி13 தலை, அது 10 ஆம்பியர் வரை. அதிகம் எடுக்கும் பெட்டிகளுக்கு சி19 தலை, 16 ஆம்பியர். பிடியு வாங்கும்போதே இரண்டு வகை சாக்கெட்டும் எத்தனை எத்தனை என்று எண்ணிவிடுங்கள். இந்தத் தலைகள் தானாகவே தளர்ந்துகொள்ளும் சுபாவம் உள்ளவை. பக்கத்துச் சர்வரில் வேலை செய்யும்போது முழங்கை பட்டாலே போதும், பாதி கழன்று நிற்கும். பூட்டிக்கொள்ளும் வகைக் கார்டு கிடைத்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் சர்வரின் பின்னால் கொடுத்திருக்கும் பட்டையால் கார்டைச் சேர்த்துக் கட்டுங்கள்.

இன்னொன்று, இது அதிகம் பேசப்படாதது. பவர் சப்ளை ஓடும்போதே கழற்றி மாற்றக்கூடியது என்றால், அதைப் பின்னால் இழுக்க வழி வேண்டும் அல்லவா? முதல் பவர் சப்ளையின் கார்டு இரண்டாவதின் கைப்பிடிக்குக் குறுக்கே போனால், இரண்டாவது பழுதானால் முதலாவதின் கார்டைக் கழற்றாமல் அதை வெளியே எடுக்க முடியாது. கழற்றினால் சர்வர் அணைந்துவிடும். கார்டு ஒவ்வொன்றும் அதனதன் பக்கமாகவே வெளியேற வேண்டும், ஃபேன் வாய்க்கும் பவர் சப்ளை வாய்க்கும் முன்னால் எதுவும் தொங்கக் கூடாது. மாட்டி முடித்ததும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவது போல மனதில் ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

நெட்வொர்க் கேபிளுக்கு வருவோம். பின்னால் நின்று பார்க்கும்போது ஒரு பக்கம் பவர், எதிர்ப்பக்கம் டேட்டா, இதை ரேக் முழுக்க மாற்றாமல் வைத்திருங்கள். இரண்டும் கலந்தால் எதைத் தொட்டாலும் எது ஆடும் என்று தெரியாமல் பயந்துகொண்டே வேலை செய்ய வேண்டியிருக்கும். கேபிளின் நீளம்தான் அடுத்தது. கையில் இருக்கிறதே என்று மூன்று மீட்டர் பேட்ச் கார்டை ஒன்றரை மீட்டர் தூரத்துக்குப் போட்டால் மீதியைச் சுருட்டி எங்காவது திணிக்க வேண்டும், அந்தச் சுருள்கள்தான் சர்வரின் பின்னால் வரும் சூட்டை வெளியே விடாமல் அடைக்கும். மாறாக மிகக் குட்டையாகப் போட்டால் என் மெமரி ஸ்டிக் கதைதான். நான் இப்போது செய்வது: ரெயில் மாட்டி, சர்வரை ஏற்றி, அதை முழுதாக முன்னால் இழுத்து வைத்துவிட்டு, அந்த நிலையில் பின்னாலிருந்து ஸ்விட்ச் வரை ஒரு கயிறு விட்டு அளக்கிறேன். அதற்கு அடுத்த பெரிய அளவு எதுவோ அதை வாங்குகிறேன். எல்லாக் கேபிளையும் இழுபடும் நிலையில் விட வேண்டும் என்பதில்லை. சர்வரை அணைத்துத்தான் திறப்போம் என்று முடிவானால் அதன் கேபிள்களைப் பிடுங்கிவிட்டே இழுக்கலாம், ஆனால் அதற்கு அவை பக்கத்துச் சர்வரின் கேபிளோடு சேர்த்துக் கட்டப்படாமல், தனித்தனிக் கட்டாக இருக்க வேண்டும். ஒரு சர்வர், ஒரு கட்டு. இதுதான் விதி, என் அனுபவத்தில் இதற்கு விலக்கே தேவைப்படவில்லை.

கேபிளைத் தாங்கி மடங்கி விரியும் கை ஒன்று சில சர்வர்களோடு வரும். நான் அதை விரும்புவதில்லை. 1 யூ சர்வருக்குப் பின்னால் அது கேபிள் கூட்டத்தைச் சரியாகக் காற்று வரும் வழியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஓடும்போதே திறந்து ஃபேன் மாற்ற வேண்டிய சர்வர் என்றால் மட்டும் போடுகிறேன்.

பிளாஸ்டிக் டை வேண்டாம், வெல்க்ரோ மட்டும். டை இறுக்கும்போது கேபிளுக்குள் இருக்கும் முறுக்கிய ஜோடிகளின் அமைப்பு நசுங்கும், அப்புறம் வெட்டும்போது கத்தி பக்கத்துக் கேபிளின் தோலையும் கிழிக்கும். வெல்க்ரோவையும் விரல் ஒன்று உள்ளே நுழையும் அளவுக்குத் தளர்வாகவே சுற்றுங்கள். 10 கிகாபிட் வேகத்தில் தாமிரக் கேபிளில் போக வேண்டுமென்றால் கேட்6ஏ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், கேட்6 ஏறக்குறைய 55 மீட்டர் வரைதான். ஒரே ரேக்குக்குள் இந்த வித்தியாசம் பெரிதாக வராது, ரேக்கைத் தாண்டிப் போகும் கேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். ரேக்குக்குள் சர்வரிலிருந்து ஸ்விட்சுக்கு இரண்டு மூன்று மீட்டர்தான் என்றால் இரண்டு முனையிலும் மாட்யூல் (போர்ட்டுக்குள் செருகும் சின்ன இணைப்பான்) பொருத்தியே வரும் டிஏசி என்ற தாமிரக் கேபிள் போதும். அது தடிமனாக, விறைப்பாக இருக்கும், கூர்மையாக மடக்கினால் முனையில் பிடிப்பு விட்டுவிடும், அதற்கு இடம் விட வேண்டும்.

ஃபைபரில் என்னை அதிகம் அலைக்கழித்தது தூசு. ஒரு லிங்க் நாளுக்கு நான்கைந்து முறை விழுந்து எழுந்துகொண்டிருந்தது. மாட்யூலை மாற்றினேன், ஸ்விட்ச்சின் போர்ட்டை மாற்றினேன், கேபிளைக்கூட மாற்றினேன், பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால், மாற்றிய கேபிளும் மூடி இல்லாமல் பெட்டிக்குள் கிடந்தது. முனையைத் துடைக்கும் பேனா போன்ற கிளீனரால் இரண்டு பக்கமும் ஒரு அழுத்து, அப்புறம் பிழை வரவே இல்லை. மல்டிமோடு ஃபைபரில் ஒளி போகும் பகுதி 50 மைக்ரான், சிங்கிள்மோடில் 9 மைக்ரான் சுமார், கண்ணுக்கே தெரியாத தூசு அதை மறைக்கப் போதுமானது. புதுக் கேபிளானாலும் துடைத்துவிட்டு மாட்டுங்கள், மூடிகளைத் தூக்கிப் போடாதீர்கள், எரிகிறதா என்று முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். லிங்க் வரவே இல்லையென்றால் முதலில் இரண்டு இழைகளையும் ஒரு முனையில் இடம் மாற்றிப் பாருங்கள், அனுப்பும் இழை அனுப்பும் பக்கத்திலேயே போய் முட்டிக்கொண்டிருக்கும்.

லேபிள் ஒட்டாமல் கேபிள் மாட்டுபவர் அடுத்தவரின் இரவைத் திருடுகிறார் என்றே நான் நினைக்கிறேன். இரண்டு முனையிலும் ஒரே எழுத்து, இரண்டு முனையிலும் இரண்டு இடங்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பவர் கார்டுக்கும் சேர்த்துத்தான். சர்வரின் பெயரை எழுதாதீர்கள், பெயர் மாறிவிடும். ரேக் எண், யூ எண், போர்ட் எண், இவை மாறாதவை. லேபிளைக் கேபிள் மாட்டிய பிறகு ஒட்டலாம் என்று தள்ளிப்போட்டால் அது நடக்காது, கேபிளை உறையிலிருந்து எடுத்ததும் தரையில் வைத்தே ஒட்டிவிடுங்கள். சர்வரின் முன்னால் மட்டும் இல்லாமல் பின்னாலும் அதன் அடையாளம் இருக்க வேண்டும். ஒரே மாதிரி ஏழு சர்வர்களின் முதுகு தெரியும் இடத்தில் யூவை எண்ணிக் கண்டுபிடிப்பது ஆபத்து. முன்னால் ஓர் அடையாளப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் பின்னாலும் விளக்கு ஒளிரும், எந்தக் கேபிளைத் தொடுவதற்கு முன்பும் அதை எரியவிட்டுவிட்டுப் போகிறேன்.

காற்று முன்னாலிருந்து பின்னால் போகிறது, இது சர்வருக்கு. ஸ்விட்ச் அப்படி இல்லை. போர்ட் பக்கம் காற்றை உள்ளே இழுப்பது, வெளியே தள்ளுவது என்று இரண்டு வகையும் உண்டு. சர்வரின் போர்ட்டுகள் பின்னால் இருப்பதால் ஸ்விட்ச்சையும் பின்முகமாக மாட்டுவோம், அப்போது அது போர்ட் பக்கமாகக் காற்றைத் தள்ளும் வகையாக இருக்க வேண்டும். தவறான வகை வந்துவிட்டால் சர்வர்கள் துப்பிய சூட்டையே அது குடித்துக்கொண்டிருக்கும். வாங்கும்போதே கேட்க வேண்டிய விஷயம் இது. காலியான யூக்களுக்கு மூடி போடுங்கள். போடாவிட்டால் பின்னால் வந்த சூடு அந்த இடைவெளி வழியாகவே திரும்பி முன்னால் வரும். சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும் என்பது குளிரூட்டல் துறைப் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் பரிந்துரை, சர்வரே தன் நுழைவாயில் வெப்பத்தைக் காட்டும், மேல் யூவில் இருப்பதையும் கீழ் யூவில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று, எரியவிட்டாயிற்று. தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் மேலாண்மை போர்ட்டுக்குத் தனிக் கேபிள், தனி நெட்வொர்க், அதன் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். மெமரியும் டிஸ்க்கும் முழு எண்ணிக்கையில் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, எந்தப் போர்ட் எந்த ஸ்விட்ச் போர்ட்டில் இருக்கிறது என்பதை, எல்எல்டிபி (பக்கத்துச் சாதனங்கள் ஒன்றுக்கொன்று தங்களை அறிவித்துக்கொள்ளும் முறை) காட்டும் பட்டியலோடு லேபிளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நான் ஒப்பிட்ட ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு கேபிளாவது இடம் மாறித்தான் இருந்தது.

அப்புறம், யாரும் அதைப் பயன்படுத்த ஆரம்பிக்கும் முன்பு, பிடுங்கிப் பாருங்கள். சர்வருக்கு வேலை கொடுத்து ஓடவிட்டு ஏ பக்கக் கார்டைப் பிடுங்குங்கள், அலர்ட் வந்ததா என்று பாருங்கள், திரும்ப மாட்டுங்கள், பவர் சப்ளை விளக்கு பச்சைக்கு வரும் வரை நில்லுங்கள், அதற்குப் பிறகு பி. நெட்வொர்க் கேபிளுக்கும் இதே. ரேக்கில் உள்ள எல்லாமே புதியது, இன்னும் யாரும் பயன்படுத்தவில்லை என்றால் பிடியுவையே அணைத்துப் பாருங்கள். இதைச் செய்யக் கை நடுங்குகிறது என்றால் அதில் இன்னும் சரிபார்க்க வேண்டியது ஏதோ பாக்கி இருக்கிறது. கடைசியில் சர்வரை ஒரு முறை முழுதாக முன்னால் இழுங்கள், இன்னொருவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

முன்னாலும் பின்னாலும் லேபிள்கள் படிக்கும்படி படம் எடுத்து, சர்வரின் விவரக் குறிப்போடு சேர்த்து வைத்துவிடுகிறேன். மீதமான கேஜ் நட், ஸ்க்ரூ, ஒரு ஜோடி பவர் கார்டு, கொஞ்சம் வெல்க்ரோ, ஃபைபர் மூடிகள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ரேக்கின் பின்கதவின் உள்பக்கத்தில் கட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.